அக்கி தடுப்பூசியில் சோப்பு மரப்பட்டையா?

அக்கி தடுப்பூசி போட்டதால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டனவோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். உடையவில்லை அம்மா. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில், ஊசி போட்டு மூன்று வாரம் கழித்து ஹீமோகுளோபின் 12.4, பிலிருபின் 0.7. சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்தால் ஹீமோகுளோபின் இறங்கும், உடைந்த அணுவிலிருந்து வரும் மஞ்சள் பொருளான பிலிருபின் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போகும். உங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. அக்கி தடுப்பூசியின் முதல் டோஸுக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சல், கையைத் தூக்க முடியாத வலி. அதையும் "ஊசியில் சோப்பு மரப்பட்டை விஷம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் நீங்களாக முடிச்சுப் போட்டுக்கொண்டீர்கள்.

அந்தச் செய்தி பாதி உண்மை என்பதுதான் அதில் உள்ள கெடுதல். சிலே நாட்டின் நடுப்பகுதியில் வளரும் கியாய் என்ற பசுமைமாறா மரம் அது. தாவரவியல் பெயர் குயிலாயா சப்போனாரியா. பட்டையின் உள்பக்கத்தை இடித்துத் தண்ணீரில் கலக்கினால் நுரைக்கும். அங்குள்ள பழங்குடியினர் துணிக்கும் தலைக்கும் அதைத்தான் போட்டார்கள். நுரைக்குக் காரணம் சபோனின். நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருப்பது அதே இனம்தான். சீயக்காய் கண்ணில் பட்டால் எரிகிறதே, அந்த எரிச்சல் அதன் வேலை. சபோனின் செல்லின் மேலுறையில் உள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடும். சோதனைக் குழாயில் ரத்தத்தோடு நேரடியாகக் கலந்தால் சிவப்பணு உடைவது நிஜம்.

ஊசியில் நடப்பது வேறு. பட்டைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த கியூஎஸ்-21 என்ற ஒரே ஒரு கூறு மட்டும், ஒரு டோஸுக்கு 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் தனியாக இல்லை. கொலஸ்ட்ரால் சேர்த்த நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள் கட்டிவைத்திருக்கிறது. ஓட்டை போட அது தேடும் கொலஸ்ட்ரால் கையிலேயே கிடைத்துவிடுவதால் சிவப்பணுவைத் தொடாது. போடுவதும் தோள் தசையில், ரத்தக்குழாயில் அல்ல. அங்கே அது செய்வது நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்புவது. உங்களுக்கு வந்த காய்ச்சல் அந்தத் தட்டலின் சத்தம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மலேரியா தடுப்பூசிகளிலும் இதே மரத்தின் சபோனின் இருக்கிறது.

ஷாம்பூவில் இந்த மரத்தின் சாறு இருப்பதையும், அதே சாற்றைக் குளிர்பானத்தில் நுரைக்காக இ999 என்ற எண்ணில் சேர்ப்பதையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விட்டுத் தள்ளுங்கள். ஆனால், "எதிர்ப்புச் சக்திக்கு" என்று ஆன்லைனில் வரவழைத்த இந்த மரத்தின் பட்டைத்தூள் டப்பாவைக் குப்பையில் போடுங்கள். ஊசியில் நல்லது செய்தால் கஷாயத்திலும் செய்யும் என்ற கணக்கு தவறு. வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் என்றால் அது மைக்ரோகிராம் கணக்கு அல்ல, குடல் சவ்வை அரிக்கும் அளவு. வாந்தியும் பேதியும் வரும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் உங்களுக்கு இரண்டுமே ஆபத்து.

இரண்டாவது டோஸை முதல் டோஸிலிருந்து இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தாண்டிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முதல் டோஸில் மூச்சுத்திணறலோ, முகம், உதடு வீக்கமோ வந்திருந்தால் மட்டும் இரண்டாவது கூடாது, உங்களுக்கு வரவில்லை.

இனி நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு டோஸோடு நின்றவருக்குப் பாதுகாப்பு அரைகுறை. சர்க்கரை நோயும் 62 வயதும் சேர்ந்தால் அக்கிக்கு வழி திறந்தே இருக்கிறது. நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், தொட்டால் சுள்ளென்ற வலி, ஓரிரு நாளில் கொத்தாக நீர்க் கொப்புளம். இப்படி வந்தால் கண்ணாடி முன் நின்று மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மூக்கு நுனிக்கும் கருவிழிக்கும் போவது ஒரே நரம்புக் கிளை. அங்கே வந்த வைரஸ் கண்ணுக்கும் வந்திருக்கலாம். பார்வை போகும் வழி இது.

அக்கி வைரஸுக்கு மருந்து அசைக்ளோவிர் மாத்திரை: 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். சிறுநீரகம் பார்த்து அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதே பெயரில் விற்கும் களிம்பு அக்கிக்குப் போதாது. உங்கள் அம்மாவுக்குச் செய்ததுபோல் கொப்புளத்தின் மேல் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தால் அந்த 72 மணி நேரம் வீணாகப் போய்விடும். உடைந்த கொப்புளத்தில் சீழும் பிடிக்கும். 72 மணி தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தாலோ கண் சிவந்தாலோ அப்போதும் மருந்து உண்டு. மருத்துவர் பார்க்கும்வரை கண்ணில் எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள், முக்கியமாக வீட்டில் மிச்சம் இருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை.