ஏரி அடிச் சேறு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

குளத்துமேட்டான்: ஏரி அடிச் சேத்தை வெச்சு பல ஆயிரம் வருஷத்துக்கு முன்ன பேஞ்ச மழையை எப்படி சார் சொல்றீங்க?

சார் எல்லாம் வேணாங்க. மழையை நேரா சொல்ல முடியாது, அதை முதல்லயே சொல்லிடறேன். சேத்துல இருக்கிறது இலை தழை, பாசி, பாக்டீரியா எல்லாம் மக்கி மிஞ்சின கரிமப் பொருள், அது கரையில இருந்து அடிச்சிட்டு வந்ததா இல்ல தண்ணிக்குள்ளயே வளந்ததா, கரையில எந்த மாதிரி செடி நின்னுதுன்னு பாத்துதான் மழையை ஊகிக்கிறோம். கார்பன் நைட்ரஜன் விகிதம் பாசின்னா பெரும்பாலும் 10க்கு கீழ நிக்கும், தரைச் செடின்னா 20ஐத் தாண்டும், ஏன்னா பாசியில நைட்ரஜன் உள்ள புரோட்டீன் ஜாஸ்தி, மரம் மட்டையில நைட்ரஜன் இல்லாத செல்லுலோஸும் லிக்னினும் ஜாஸ்தி.

அதைவிட எனக்குப் பிடிச்சது இலை மெழுகு. வாழை இலையைத் திருப்பிப் பாத்தா வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்குமே, அந்த மாதிரி மெழுகு எல்லா இலையிலயும் கொஞ்சமாவது உண்டு. இலை மக்கிப் போனாலும் மெழுகு லேசுல போகாது, ஆயிரக்கணக்கான வருஷம் சேத்துக்குள்ள கிடக்கும். தரைச் செடி மெழுகுல 29, 31 கார்பன் நீளச் சங்கிலி தூக்கலா இருக்கும், பாசியில 17.

குன்னூர் வாசி: ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல இப்படி ஆராய்ச்சி நடந்துச்சாமே?

நடந்துச்சு, ஆனா அது ஏரி இல்ல, புல்லும் கோரையும் மக்கி கறுப்பா சேர்ந்த சதுப்பு. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் நாலு பேரும் 1993ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல எழுதினாங்க. சுகுமார்னா யானை ஆராய்ச்சி சுகுமாரேதான்! செடிங்க ஒளிச்சேர்க்கை பண்ற விதத்துல சி3, சி4னு வகை உண்டு: மரங்களும் நெல்லும் சி3, சோளம், கரும்பு, வெப்பமண்டலப் புல் நிறைய சி4, இது வறட்சியை நல்லா தாங்கும். இதுங்க கார்பன் ஐசோடோப் கணக்கு (கன கார்பன், லேசு கார்பன் ரெண்டுக்கும் உள்ள விகிதம், ஆயிரத்துக்கு இத்தனைன்னு சொல்றது) வேற வேற, சி3 மைனஸ் 27 பக்கம், சி4 மைனஸ் 13 பக்கம். அதை வெச்சுப் பாத்தா சுமார் 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்ன நீலகிரி வறண்டு கிடந்திருக்கு, 11 ஆயிரம் வாக்குல ஈரம் உச்சத்துக்குப் போயிருக்கு, திரும்ப 6 ஆயிரத்துல இருந்து 3,500 வரைக்கும் வறட்சி.

பிளஸ் டூ பயாலஜி: காத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சாலும் சி4 செழிக்குமே, அப்ப மழைதான் குறைஞ்சுதுன்னு எப்படி சொல்றது?

சரியான இடத்துல புடிச்சீங்க. பனியுகத்துல அது 190 பிபிஎம் (பத்து லட்சத்துல 190 பங்கு) பக்கம்தான், அதனால அந்த 20 ஆயிரம் வருஷத்து சிக்னல்ல மழைக் குறைவும் கார்பன் டை ஆக்சைடு குறைவும் கலந்திருக்கு. ஆனா 6 ஆயிரம் வருஷத்து வறட்சிக்கு அந்த சாக்கு செல்லாது, அப்ப காத்துல கார்பன் டை ஆக்சைடு பெருசா மாறல. அதனாலதான் ஒரே சாட்சியை நம்பாம மகரந்தம், மெழுகு எல்லாத்தையும் விசாரிக்கிறது.

ஊர்சுத்தி: மகாராஷ்டிராவுல லோனார் ஏரி 2020ல ரோஸ் கலர் ஆச்சே, அங்க?

அது விண்கல் விழுந்த பள்ளம், சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம், உப்புத் தண்ணி. அங்க சேத்துக்குள்ள கேலுசைட்னு ஒரு படிகம் சில மட்டத்துல மட்டும் கிடைச்சுது, தண்ணி வத்தி உப்பு ஏறினாத்தான் அது உருவாகும். சுமார் 4,600ல இருந்து 3,900 வருஷத்துக்கு முன்ன வரை ஒரு நீண்ட வறட்சி, அப்புறம் 2,000ல இருந்து 600 வரை இன்னொண்ணு. முதல் வறட்சி நீலகிரி கணக்கோட ஒத்துப்போகுது பாருங்க, எனக்கு அதைப் படிச்சப்ப புல்லரிச்சுது.

சும்மா கேட்டேன்: ஏரி அடியில இறக்கி சேறு எடுத்த குழாயை வெட்டினா எப்படி இருக்கும்?

நாறும்! அழுகின முட்டை நாத்தம். நீளவாக்குல பிளந்ததும் கன்னங்கரேல்னு மின்னும், காத்து பட்டதும் கண்ணு முன்னாடியே வெளிற ஆரம்பிக்கும், அதனால முதல்ல போட்டோ, அப்புறம்தான் ஒவ்வொரு சென்டிமீட்டரா அறுத்து கவர்ல போடறது. சுண்ணாம்புலயும் கார்பன் இருக்கிறதால, ஐசோடோப் பாக்கிறதுக்கு முன்ன ஆசிட் ஊத்தி அதை எடுக்கணும், நுரைச்சு வரும், இதை அரைகுறையா விட்டுட்டு ஒரு வாரம் தப்பான நம்பரை முறைச்சுப் பாத்துட்டிருந்தவன் நான்.

வயல்வெளி: வயசு எப்படித் தெரியும்? எங்க ஊர் ஏரியில எடுக்கலாமா?

காலம் போகப் போக தானா சிதைஞ்சு குறையற கதிரியக்கப் பொருள் எவ்வளவு மிச்சம்னு பாக்கிறது. பழசுக்கு கார்பன் 14, சேத்தை மொத்தமா குடுக்காம தரைச் செடியோட இலை, விதை கிடைச்சா அதைக் குடுக்கணும். மேல இருக்கிற நூறு, நூத்தம்பது வருஷத்துக்கு ஈயம் 210. உங்க ஏரி கஷ்டங்க. கோடையில காஞ்சு வெடிச்சா காத்து உள்ள போய் கரிமம் எல்லாம் எரிஞ்ச மாதிரி போயிடும், அது போதாதுன்னு தூர்வாரி வண்டலை வயலுக்கு அள்ளிட்டிருக்காங்க, மேல எது கீழ எதுன்னே இருக்காது. வருஷம் பூரா வத்தாத ஆழமான மடு ஏதாவது இருந்தா சொல்லுங்க, வர்றேன்.