"கார்ப்பெட் மாத்த எவ்வளவு ஆகும், பாய்?": கீழக்கரை முதல் தொண்டி வரை வந்த கேள்விகள்

துபாயில் பதினொரு வருஷம் கார்ப்பெட் பிட்டர் வேலை பார்த்தேன். 2012இல் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது ராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் கார்ப்பெட், வினைல் என்கிற பிளாஸ்டிக் விரிப்பு, டைல்ஸ் என்று தரை வேலை எதுவானாலும் எடுத்துச் செய்கிறேன். வியாழன் ராத்திரி தொடங்கி சனி வரை கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. இதில் சொல்லும் ரேட் நம்ம பக்கம் நான் இப்போது வாங்குவது. கடைக்குக் கடை, சரக்குக்குச் சரக்கு முன்பின் இருக்கும்.

கீழக்கரையிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. வாப்பா ஜித்தாவில் இருந்தப்ப வாங்கிப் போட்ட கார்ப்பெட், பதினாலு வருஷம் ஆச்சு. ஹால் 13க்கு 18 அடி. மழைக்காலத்துல ஒரே வீச்சம். உரிச்சுட்டுப் புதுசு போட எவ்வளவு ஆகும்?

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. 13ஐ 18ஆல் பெருக்கினால் 234 சதுர அடி, கடையில் சதுர அடி 70 ரூபாய் சொன்னார்கள், ஆக 16,380 ரூபாய் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். எல்லாரும் போடுகிற கணக்குதான். அதில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, ரோல். சேலைத் துணி மாதிரி கார்ப்பெட்டின் அகலமும் ஆலையிலேயே முடிவாகி வருகிறது. நீளத்தை மட்டும்தான் நாம் கேட்டு வெட்டலாம். 12 அடி ரோலும் உண்டு, 4 மீட்டர் ரோலும் உண்டு. 12 அடி ரோலை விரித்தால் உங்கள் ஹாலில் ஒரு சுவர் ஓரமாக ஒரு அடி அகலத்துக்கு, 18 அடி நீளத்துக்கு வெறும் தரை தெரியும். சில பிட்டர்கள் ரோலில் இரண்டடி கூடுதலாக வெட்டி, அதை இரண்டாகக் கிழித்து, குறுக்கே திருப்பி ஒட்டிவிட்டுப் போவார்கள். போட்ட அன்று தெரியாது. கார்ப்பெட்டில் இழை சாயும் திசை என்று ஒன்று உண்டு. பூனை முதுகைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் சொரசொர. அதே போலத்தான். மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்ததும் அந்த ஒரு அடி மட்டும் வேறு கலராக நிற்கும். திசை மாறாமல் ஒட்டவேண்டுமென்றால் இன்னொரு 18 அடி வெட்ட வேண்டும். ஒரு அடியை மூட 216 சதுர அடிக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

4 மீட்டர் என்றால் 13 அடி ஒன்றரை அங்குலம். உங்கள் ஹாலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்துவிடும், சுவர் நேராக இருந்தால். இந்த முனை, அந்த முனை, நடு என்று மூன்று இடத்தில் அகலத்தை அளந்து அனுப்புங்கள். எங்கேயாவது 13 அடி 2 அங்குலம் என்று வந்தால் பேச்சு மாறும்.

4 மீட்டர் ரோலில் ஓரம் தட்டுவதற்கும் சேர்த்து 240 சதுர அடி வரும். நடுத்தர பாலிபுரோப்பிலின், அதாவது பிளாஸ்டிக் இழைச் சரக்கு, 70 ரூபாய் மேனிக்கு 16,800. அடியில் போடும் ஃபோம், அண்டர்லே என்பார்கள், 18 ரூபாய் மேனிக்கு 4,320. போடும் கூலி 12 ரூபாய் மேனிக்கு 2,880. பழசை உரித்து, ஒட்டியிருக்கும் ரப்பர்த் தூளைச் சுரண்டி, வண்டியில் ஏற்றி அனுப்ப 2,000. மொத்தம் 26,000. பழசைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரிகிற பிளாஸ்டிக் புகை தெருவுக்கே ஆகாது.

இரண்டாவது ஓட்டை அந்த வீச்சம். அது கார்ப்பெட்டில் இருந்து வருகிறதா, தரையில் இருந்து வருகிறதா என்று பார்க்காமல் நான் சொன்ன 26,000ஐ நம்பி இறங்க வேண்டாம். கீழே தொண்டி அக்காவுக்கு ஒரு சோதனை எழுதியிருக்கிறேன். ஒரு மூலையை உரித்து நீங்களும் செய்துவிட்டு எழுதுங்கள்.

தொண்டியிலிருந்து: தம்பி, கடலுக்கும் எங்க வீட்டுக்கும் இருநூறு மீட்டர்தான். சிமெண்டுத் தரை. எத்தனை தடவை துடைச்சாலும் வெள்ளையா மாவு மாதிரி பூத்து நிக்குது. அதுக்கு மேலேயே வினைல் ஒட்டிடலாம், தெரியாதுன்னு கடைக்காரர் சொல்றார். செய்யலாமா?

கடைக்காரர் சொன்னது ஒருவகையில் சரி அக்கா, ஆறு மாசம் தெரியாது.

அந்த மாவு உப்பு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். மண்ணுக்குள் இருக்கிற உப்புத்தண்ணி, திரி எண்ணெயை இழுப்பது போல கான்கிரீட்டின் நுண்துளை வழியாக மேலே ஏறுகிறது. தண்ணீர் காற்றில் போய்விடுகிறது, உப்பு தரையிலேயே தங்கிவிடுகிறது. இதற்கு மேல் வினைலை ஒட்டினால் தண்ணீருக்குப் போக வழியில்லை. பசையை ஊறவைத்து வினைலைக் குமிழ் குமிழாகத் தூக்கும். கட்டும்போது உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரிலேயே கலவை போட்டிருந்தால் உப்பு மண்ணில் இருந்து வர வேண்டிய அவசியம்கூட இல்லை, தரைக்குள்ளேயே இருக்கிறது.

சோதனை இதுதான். ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் தாள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, தாளை விரித்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நான் இரண்டு ராத்திரி விடுவேன். பிரிக்கும்போது தாளின் அடியில் ஈரம் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் தரை கருத்திருந்தாலோ மேலே எதையும் ஒட்டாதீர்கள். வீட்டில் மூன்று நாலு இடத்தில் போடுங்கள். அடுப்படிப் பக்கமும் பாத்ரூம் சுவர் ஓரமும் கட்டாயம்.

ஈரம் இருந்தால் நிரந்தர வைத்தியம் செலவு பிடித்தது. தரையை உடைத்து, 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, அதை நாலு பக்கமும் சுவரில் கொஞ்சம் ஏற்றி, மேலே நல்ல தண்ணீரில் கான்கிரீட் போட்டு, பிறகு டைல்ஸ். எல்லாம் சேர்த்து சதுர அடி 200 ரூபாய்க்குக் குறைந்து நான் முடித்ததில்லை. அவ்வளவு இப்போதைக்கு முடியாது என்றால் சிமெண்டுத் தரையை மூச்சுவிட விட்டுவிடுங்கள். மேலே ஓலைப்பாய் விரியுங்கள், வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் போடுங்கள். நம்ம பெரியவர்கள் காசில்லாமல் மட்டும் பாயில் உட்காரவில்லை அக்கா.

ராமேஸ்வரத்திலிருந்து: பாய், லாட்ஜ் ரூமுக்கு கார்ப்பெட் போடுறோம். சென்னையில இருந்து வர்ற பிட்டர் ஓரமெல்லாம் ஆணிப்பட்டை அடிக்கணும்ங்கிறார். தேவையா?

ஆணிப்பட்டை என்பது சுவர் ஓரம் அடிக்கும் மெல்லிய பலகைப் பட்டை. சின்னச் சின்ன ஆணி சாய்ந்து நிற்கும், கார்ப்பெட்டை முழங்காலால் தள்ளி இழுத்து அதில் மாட்டுவோம். துபாயில் ஆயிரக்கணக்கான மீட்டர் அடித்திருக்கிறேன். என் வலது முழங்கால் இன்றைக்கும் அதற்குச் சாட்சி.

ஊருக்கு வந்த புதிதில், 2013இல், கடலோரம் ஒரு தங்கும் விடுதியில் அதே மாதிரி அடித்தேன். வெளிர் சந்தன நிறக் கார்ப்பெட். இரண்டாம் வருஷம் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ரூம் சுற்றிலும் சுவரில் இருந்து ஓர் அங்குலம் தள்ளி, புள்ளி புள்ளியாகக் காப்பிக் கறை. ஆணி துருப்பிடித்து, ஈரத்தில் துரு மேலே ஏறியிருக்கிறது. எந்த ஷாம்பூவுக்கும் போகவில்லை. அங்கே ஆணிப்பட்டை அடிக்க வேண்டும் என்று சொன்னது நான், அதனால் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். ரம்ஜானுக்கு எடுத்துவைத்த பணம் அதில் போனது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காற்றே உப்பு. ஆணி வேண்டாம். லாட்ஜுக்கு நான் சொல்வது கார்ப்பெட் டைல்ஸ், 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள். சதுர அடி 100 ரூபாயில் இருந்து வரும். விலை கூடத்தான். ஆனால் ஒருவர் ரசத்தைக் கொட்டினால் ரூம் முழுக்க உரிக்க வேண்டாம், இரண்டு துண்டை மாற்றினால் போதும். வாங்கும்போதே பெட்டிக்கு இரண்டு மூன்று துண்டு கூடுதலாக எடுத்து அலமாரியில் வையுங்கள். பிறகு தேடினால் அதே கலர் கிடைக்காது. தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு ஆட்கள் வரும் ரூம் என்றால் அதுவும் வேண்டாம், சாதாரணத் தரை டைல்ஸே இருக்கட்டும்.

ஏர்வாடியிலிருந்து: எங்களுக்கும் லாட்ஜ்தான் காக்கா, எட்டு ரூம்.

அதே பதில்தான். எட்டில் இரண்டு ரூமில் போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள்.

பாம்பனிலிருந்து: அண்ணே, போன கார்த்திகையில தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு. விரிப்பெல்லாம் காயவச்சு எடுத்து வச்சிருக்கோம். ஆனா மழை மூட்டம் போட்டாலே அது திரும்ப நசநசங்குது. ஏன்?

வந்தது கடல்தண்ணி தம்பி. மழைத்தண்ணி என்றால் காய்ந்ததோடு கதை முடிந்தது. கடல்தண்ணி காய்ந்தாலும் உப்பு இழைக்குள்ளேயே இருக்கும், காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் அதை இழுத்துக்கொள்ளும். டப்பாவில் கல்லுப்பு கசிகிறது இல்லையா, அதேதான். நல்ல தண்ணீரில் மூன்று நாலு தடவை அலசிப் பிழிந்து வெயிலில் போடுங்கள். சணல் முதுகு வைத்த கார்ப்பெட் என்றால் மெனக்கெட வேண்டாம், முதுகு இற்றிருக்கும். அடியில் இருந்த ஃபோமைத் தூக்கி எறியுங்கள். எது வந்தாலும் இரண்டு நாளுக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதை மட்டும் அடுத்த வாடைக்காற்று மழைக்கு நினைவில் வையுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: சித்திரை வெயில்ல மத்தியானம் பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு சார். பார்த்தா ஹால் நடுவுல டைல்ஸ் கூடாரம் மாதிரி தூக்கி நிக்குது. மேல கார்ப்பெட் போட்டு மறைச்சா செலவு மிச்சமாகுமா?

மறைக்க முடியாது சார், கால் வைத்தால் நொறுங்கும். இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டியிருப்பார்கள். சூட்டில் டைல்ஸ் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெம்பித் தூக்கிவிட்டது. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். டொப்டொப் என்று கேட்கும் டைல்ஸில் எல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். பத்து இருபதுக்குள் என்றால் அதை மட்டும் மாற்றலாம். பாதி ஹாலுக்கு மேல் குறி விழுந்தால் முழுசையும் எடுப்பதுதான் லாபம்: உடைக்க சதுர அடிக்கு 15, ஒட்டக் கூலி 30, டைல்ஸ் 50இல் இருந்து, கலவையோ பசையோ தனி. இந்தத் தடவை ஸ்பேசர், அதாவது டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட வைக்கும் சின்னத் துண்டு, வைத்து ஒட்டச் சொல்லுங்கள். சுவர் ஓரம் அரை விரல் இடைவெளி விட்டு, சுவர் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மூடினால் வெளியே தெரியாது.

உச்சிப்புளியிலிருந்து: வாடகை வீடு, ரூம் 10க்கு 12. தரை சொரசொரன்னு இருக்கு, கைக்குழந்தை தவழுது. குறைஞ்ச செலவுல என்ன பண்ணலாம் அண்ணே?

ஒட்டாமல் விரிக்கும் வினைல் ரோல்மா. 120 சதுர அடிக்கு 35 ரூபாய் மேனிக்கு 4,200. வாங்கி ஒரு நாள் வெயிலில் விரித்துவைத்தால் சுருட்டல் போய் தானாகப் படியும். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துப் போகலாம். புது வினைலுக்கு ஒரு வாடை இருக்கும். அது அடங்கும்வரை நாலைந்து நாள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் பிள்ளையை விடுங்கள். கல்யாண மண்டபத்தில் விரிப்பார்களே அந்தச் சிவப்பு, சதுர அடி 15 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று அதை வாங்கிவிடாதீர்கள். நூல் பிரிந்து பிள்ளை வாயில் போகும்.

சாயல்குடியிலிருந்து: அம்மாவுக்கு வீசிங் இருக்கு. பெட்ரூமுக்கு மட்டும் கார்ப்பெட்?

வேண்டாம்.

பெரியபட்டினத்துக்காரங்க, லண்டனில் இருந்து: காக்கா, வாடகை வீட்டைக் காலி பண்றோம். ஆறு வருஷம் இருந்தோம். நாங்க வரும்போதே கார்ப்பெட் ரெண்டு வருஷப் பழசு. இப்ப வீட்டுக்காரர் புதுசு போட 600 பவுண்டு கேக்கிறார். ஒரு இடத்துல இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் இருக்கறது உண்மை.

லாத்தா, சூடு வைத்ததற்குப் பொறுப்பு உங்களுக்கு உண்டு. ஆனால் பழைய கார்ப்பெட்டுக்குப் புதுக் கார்ப்பெட் விலை கேட்க அவருக்கு உரிமை இல்லை. நடந்து தேய்ந்ததற்கும் காசு கிடையாது. அங்கே பார்க்கிற கணக்கு இப்படி: அந்தத் தரத்துக் கார்ப்பெட் பத்து வருஷம் வரும் என்று வைத்தால், எட்டு வருஷம் ஓடிவிட்டது, மீதி இரண்டு. 600இல் பத்தில் இரண்டு பங்கு, 120 பவுண்டு. அதுவும் சூடு பட்டது ஒரு ரூம் என்றால் அந்த ரூமின் செலவுக்கு மட்டும்தான். உங்கள் டெப்பாசிட்டை அவர் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே காசு கட்டாமல் தகராறு எழுப்பலாம். குடிவந்த அன்று கையெழுத்துப் போட்ட சாமான் பட்டியலைத் தேடி எடுங்கள், கார்ப்பெட்டின் வயசு அதில் இருக்கலாம்.

மறுபடியும் கீழக்கரை: காக்கா, ரெண்டு ராத்திரி கழிச்சு தாளைத் தூக்கிப் பார்த்தேன். வாசல் பக்க மூலையில காய்ஞ்சு கிடக்கு. பாத்ரூம் சுவர் பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருக்கு. அகலம் மூணு இடத்துலயும் 13 அடிதான். வீடு வாப்பாவோட வாப்பா கட்டினது.

அளவு சரி தம்பி, 4 மீட்டர் ரோல் போதும். ஆனால் இப்போது வாங்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஈரம் என்றால் மண்ணில் இருந்து ஏறுவதாகத் தெரியவில்லை, பாத்ரூம் குழாயோ தரை இணைப்போ கசிய வாய்ப்பு அதிகம். அது நல்ல செய்தி, ஒரு பிளம்பர் கூலியோடு முடியலாம். இன்னொன்றும் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டனார் காலத்து வீடென்றால் அந்தச் சுவருக்குள் பவளப்பாறைக் கல் இருக்கலாம். அப்போதெல்லாம் தீவுப் பக்கம் கடலில் இருந்து எடுத்துக் கட்டினார்கள், இப்போது தொடவே தடை. அந்தக் கல் என்றால் உப்பு சுவரிலேயே இருக்கிறது, அதற்கு வேறு வேலை. எதுவானாலும் கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும் மாசத்தில் வைத்துக்கொள்வோம், வாடைக்காற்றில் எதுவும் காயாது.

ராத்திரி படுக்கும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரையோ டேங்க் மட்டத்தையோ குறித்து வையுங்கள், காலையில் இறங்கியிருக்கிறதா பாருங்கள். ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு நான் வருகிறேன். அந்த மூலையில் தாளைத் திரும்ப ஒட்டி வையுங்கள், நான் வந்து பிரிக்கிறேன்.