கைஸர்ஷ்மார்ன் கேள்வி பதில்: கிழித்த பிறகும் அடுப்பில் வேலை இருக்கிறது

ஆஸ்திரியாவில் அடுப்படி வைத்திருப்பதால் கைஸர்ஷ்மார்ன் பற்றிய கேள்விகள் என்னிடமே வந்து சேருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: நுரைக்க அடித்த வெள்ளைக்கரு சேர்த்த மாவைக் கனமாக ஊற்றி வெண்ணெயில் சுட்டு, வாணலியிலேயே துண்டு துண்டாகக் கிழித்து, சர்க்கரை தூவிப் பொன்னிறமாக்கி, புளிப்பான பழக்கூழோடு சாப்பிடும் பண்டம் இது.

கேள்வி: அக்கா, பேன்கேக் சுட்டுப் பிய்த்துப் போட்டால் அதுதானே இது? இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

பிய்த்துப் போட்ட பேன்கேக் வேறு, இது வேறு. வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வெள்ளைக்கருவைத் தனியே அடித்துச் சேர்ப்பது. மற்றொன்று, பலரும் விட்டுவிடுவது: கிழித்த பிறகு நடக்கும் இரண்டாவது சமையல். மாவு வெந்ததும் கிழித்துத் தட்டில் கொட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கிழித்த துண்டுகளை வாணலியின் ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போட்டு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையைத் தூவி, அது உருகிப் பழுப்பாகத் தொடங்கும்போது துண்டுகளைப் புரட்ட வேண்டும். கிழிந்த ஓரங்கள் முரடாக இருப்பதால் சர்க்கரைப் பாகு அங்கேதான் பற்றிக்கொள்கிறது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அதனால்தான் கத்தியால் வெட்டக் கூடாது என்கிறார்கள். வெட்டிய பக்கம் வழவழப்பாக இருக்கும், பாகு நிற்காமல் வழுக்கிவிடும். இரண்டு முள்கரண்டிகளோ இரண்டு மரக்கரண்டிகளோ போதும்.

கேள்வி: சரியான அளவு சொல்லுங்கள். இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நான்கு முட்டை, 130 கிராம் மைதா, 250 மில்லி பால், 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா, அரை எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல், ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. சுடுவதற்கு 30 கிராம் வெண்ணெய். கிழித்த பிறகு 20 கிராம். மேலே தூவப் பொடித்த சர்க்கரை. முட்டை சிறியதாக இருந்தால் ஐந்தாகப் போடுங்கள். சாப்பாடாக வைத்தால் இருவருக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாக வைத்தால் நால்வருக்கு.

மாவில் முதலில் பாதிப் பாலை மட்டும் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பிறகு மீதிப் பால், மஞ்சள் கரு, உப்பு, வெனிலா, எலுமிச்சைத் துருவல். கால் மணி நேரம் ஊறட்டும். சர்க்கரையை இதில் போடாதீர்கள், அது வெள்ளைக்கருவுக்கு.

கேள்வி: எனக்கு மூன்று முறையும் சப்பையாக, ரப்பர் மாதிரி வந்தது. எங்கே தவறுகிறேன் அக்கா?

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால், வெள்ளைக்கருவை அடித்த பிறகு மிக்ஸியில் மாவோடு சேர்த்து ஒரு சுற்று ஓட்டியிருக்கிறீர்கள். அடித்துச் சேர்த்த காற்றெல்லாம் அந்த ஒரு சுற்றிலேயே போய்விட்டது.

வெள்ளைக்கரு அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. மஞ்சள் கருவும் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. கொழுப்பு இருந்தால் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் கழுவினாலும் பிசுக்கு தங்கிவிடும் என்பதால் எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்கள். முதலில் சும்மா அடித்து, சோப்பு நுரை போல் வந்ததும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நுரை கூம்பாக நின்று, நுனி மட்டும் லேசாக வளைய வேண்டும். பளபளப்பு இருக்க வேண்டும். அதற்கு மேலும் அடித்தால் பளபளப்புப் போய்ப் பஞ்சுத் துணுக்குகளாகப் பிரியும். அது மாவோடு சேரவே சேராது.

சேர்க்கும்போது நுரையில் மூன்றில் ஒரு பங்கை முதலில் மாவில் போட்டுத் தாராளமாகக் கலக்கலாம். அந்தப் பங்கு மாவை இளக்குவதற்குத்தான். மீதியைப் போட்ட பிறகு கலக்காதீர்கள். அகலமான கரண்டியால் அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துப் போடுங்கள். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். எல்லாம் ஒரே நிறமாக வேண்டும் என்று தொடர்கிறவர்களுக்குத்தான் சப்பையாகிறது.

இன்னொன்று: தீ. கனமான மாவு, அதிகத் தீ என்றால் அடி கருகும், நடு பச்சையாக நிற்கும். வெண்ணெய் உருகி, அதன் நுரை அடங்கி, வாசனை வரும்போது மாவை ஊற்றுங்கள். உடனே தீயைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: பேக்கிங் பவுடர் போட்டால் இந்தப் பாடு எதற்கு?

மாவு உப்பி வரும்தான். ஆனால் அது கேக் மாதிரி இருக்கும், இதன் பதம் வராது. வெள்ளைக்கரு ஒழுங்காக அடித்திருந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை. பாலில் கொஞ்சத்தைக் குறைத்துச் சோடாத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகள் இங்கேயும் உண்டு. கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. திருப்பிப் போட்டால் உடைந்துவிடுகிறது.

உடையட்டுமே தங்கை, எப்படியும் கிழிக்கத்தானே போகிறோம்! உலகத்திலேயே திருப்பத் தெரியாதவர்களுக்காக உண்டான பலகாரம் இதுதான் என்று நான் சொல்வதுண்டு.

தட்டையான அடியும் ஓரளவு உயரமான விளிம்பும் உள்ள, 28 சென்டிமீட்டர் அகல வாணலி வேண்டும். தோசைக்கல் ஆகாது, மாவு வழிந்துவிடும். குழிந்த அடியுள்ள வாணலியில் நடு வேகாது. மாவை ஊற்றினால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத கனம் இருக்கட்டும். திராட்சையை அப்போது மேலே தூவுங்கள். மாவிலேயே கலந்தால் அடியில் போய் உட்கார்ந்து கருகும். மூடி போட்டுச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம். ஓரம் வாணலியை விட்டு விலகும், மேல்பக்கம் ஈரம் குறைந்து சிறு குமிழிகள் தெரியும். தோசைத் திருப்பியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடி பொன்னிறமானால் அதே திருப்பியால் நான்கு கால் பாகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். மறுபக்கம் மூன்று நிமிடம். பிறகு கிழிக்கலாம்.

ஓவன் இருப்பவர்கள் அடுப்பில் மூன்று நிமிடம் அடி பிடிக்க விட்டு, முன்பே 180 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைக்கலாம். வாணலியின் கைப்பிடி பிளாஸ்டிக்கா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இரும்பானால் வெளியே எடுத்ததும் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு வையுங்கள். மறந்துபோய்ப் பிடிக்காதவர்கள் குறைவு.

கேள்வி: திராட்சையை ரம்மில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். குழந்தைகள் இருக்கிற வீடு.

ஆப்பிள் சாறு அல்லது ஆரஞ்சுச் சாற்றை இளஞ்சூடாக்கி அதில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ரம் போடுவது வாசனைக்காக. ஊறவைப்பது திராட்சை உப்பி மெதுவாவதற்காக. இரண்டாவதுதான் முக்கியம். ஆஸ்திரியக் குழந்தைகளில் பாதிப் பேர் திராட்சையைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறார்கள் என்பதால், திராட்சையே இல்லாமல் செய்கிற வீடுகளும் நிறைய.

கேள்வி: முட்டை வாடை அடிக்காதா? என் மாமியார் அந்தப் பக்கமே வர மாட்டார்.

எலுமிச்சைத் தோல் துருவலும் வெனிலாவும் அதற்காகத்தான். உப்பை மறக்காதீர்கள். வாடை நிற்பது பெரும்பாலும் அரைகுறையாகச் சிவந்த துண்டுகளில். பாகில் நன்றாகப் புரட்டி எடுத்தால் வெண்ணெயும் கருகிய சர்க்கரையும்தான் மணக்கும். மாமியார் வராவிட்டால் கவலை வேண்டாம், அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முட்டையே இல்லாமல் செய்ய வழி உண்டா அம்மா? நாங்கள் சைவம்.

கைஸர்ஷ்மார்னை முட்டை இல்லாமல் செய்ய முயல வேண்டாம் ஐயா. அது வெள்ளைக்கருவின் தயவில் நிற்கிற பண்டம். ஆனால் ஷ்மார்ன் என்பது ஒரு குடும்பம். உருளைக்கிழங்கில் உண்டு, பழைய ரொட்டியில் உண்டு, பாலாடைக்கட்டியில் உண்டு. ரவையில் செய்யும் கிரீஸ்ஷ்மார்ன் முட்டை இல்லாமலே நன்றாக வரும்.

அரை லிட்டர் பாலில் சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய் போட்டுக் கொதிக்கவிட்டு, 200 கிராம் ரவையைத் தூவிக் கிளறுங்கள். இறுகிப் பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் சுருண்டு வரும்; இதுவரை உங்கள் வீட்டில் தெரியாத வேலை ஒன்றும் இல்லை. இறக்கிக் கால் மணி நேரம் மூடி வைத்து, அகல வாணலியில் வெண்ணெய் விட்டு அதைப் பரப்புங்கள். கேசரி மாதிரி மிருதுவாக நிறுத்தக் கூடாது. அடி சிவக்க விட்டு, கிழித்து, புரட்டி, மறுபடி சிவக்க விட்டு, மறுபடி கிழிக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். பொலபொலவென்று, அங்கங்கே மொறுமொறுவென்று உதிரும்போது திராட்சையும் சர்க்கரையும் சேர்த்து இறக்குங்கள். சொல்லப்போனால், குளிர்காலத்தில் எனக்கு முட்டை போட்டதை விட இதுதான் பிடிக்கும்.

கேள்வி: கூடவே வைக்கிற பிளம்ஸ் பண்டம் எப்படிச் செய்வது? மாம்பழக்கூழ் வைக்கலாமா?

அதன் பெயர் ட்ஸ்வெட்ஷ்கன்ரோஸ்டர். ஆகஸ்ட் கடைசியிலிருந்து இங்கே சந்தைக்கு வருகிற, நீளவாக்கில் இருக்கும் கருநீலப் பிளம்ஸில் செய்வது. ஒரு கிலோ பழத்தைப் பிளந்து கொட்டை நீக்கி, 150 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, பாதி எலுமிச்சையின் சாறு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் இருபது நிமிடம் வேகவிட வேண்டும். தோல் சுருள வேண்டும். பழம் குழைந்தாலும் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். ஜாம் மாதிரி கிளறிவிடாதீர்கள். ஆறினால் தானே கெட்டியாகும்.

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் மே, ஜூன் மாதங்களில் கிடைக்கும் உருண்டைப் பிளம்ஸில் சாறு அதிகம். அதற்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம். சர்க்கரையை ருசி பார்த்துப் போடுங்கள். பழம் கிடைக்காத மாதங்களில் உலர்ந்த பிளம்ஸை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துப் பட்டையோடு வேகவைக்கலாம். ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழும் இங்கே சரிசமமாகப் புழங்குகிறது. டிரோல் மலைப்பக்கம் லிங்கன்பெரி என்ற புளிப்பான சிவப்புச் சிறுபழத்தின் ஜாம் வைப்பார்கள்.

மாம்பழம் வேண்டாம். இனிப்பின் மேல் இனிப்பு, இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. புளிப்புத்தான் அடுத்த வாயைக் கேட்க வைக்கிறது.

கேள்வி: பேரரசருக்காகச் செய்தது என்கிறார்களே, உண்மையா?

முதலாம் பிரான்ஸ் யோசெப் 1848 முதல் 1916 வரை ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர். பெயரில் இருக்கும் கைஸர், அதாவது பேரரசர், அவர்தான் என்பது வழக்கு. 1854-ல் அவர் மணந்த எலிசபெத் அரசி, சிஸி என்று எல்லோரும் அழைப்பவர், இடை பெருத்துவிடும் என்று தட்டைத் தள்ளிவைக்க, அரசர் தம்முடையதையும் முடித்து அரசியினுடையதையும் முடித்தார் என்பது ஒரு கதை. வேட்டைக்குப் போன இடத்தில் மழைக்கு ஒதுங்கிய அரசருக்குக் குடியானவர் வீட்டில் கொடுத்தது என்பது இன்னொன்று. நான் கேட்ட கதைகளுக்குள் பொதுவாக இருப்பது அரசரின் பசி மட்டும்தான். ஷ்மார்ன் என்பது மலைநாட்டு விவசாயக் குடும்பங்களின் வயிறு நிரப்பும் உணவு. அதையே முட்டையும் வெண்ணெயும் திராட்சையுமாகச் செழிப்பாக்கினால் கைஸர்ஷ்மார்ன். கதையை விட இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: வியன்னாவில் ஓர் உணவகத்தில் கேட்டோம். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். வந்ததோ மலை போல் ஒரு தட்டு. ஏமாற்றுகிறார்களா?

காத்திருக்கச் சொன்னால் சந்தோஷப்படுங்கள் தம்பி. கேட்ட பிறகுதான் வெள்ளைக்கருவை அடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், இங்கே இதைச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள். முதலில் ஒரு கிண்ணம் சூப், பிறகு இது. மதியச் சாப்பாடு முடிந்தது. மலைக் குடில்களில் வாணலியோடேயே மேசையில் வைப்பார்கள். அடியில் ஒட்டியிருக்கும் பாகைச் சுரண்டுவதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும்.

கேள்வி: பத்துப் பேர் வருகிறார்கள். முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

பழக்கூழை இரண்டு நாள் முன்பே செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். மஞ்சள் கரு மாவைக் காலையிலேயே கலந்து குளிர்பெட்டியில் வைக்கலாம். வெள்ளைக்கருவைத் தனியே மூடி வைத்து, ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் அடிக்க வேண்டும். அடித்த நுரை காத்திருக்காது.

பத்துப் பேருக்கு ஒரே வாணலியில் பத்து முட்டை மாவை ஊற்றிவிடாதீர்கள். ஓவனில் விளிம்புள்ள பெரிய தட்டில் வெண்ணெய் தடவிச் சுட்டுக் கிழித்து, பாகில் புரட்டுவதை மட்டும் இரண்டு மூன்று ஈடாக அடுப்பில் செய்யுங்கள். முதல் ஈடு மேசைக்குப் போகும்போது இரண்டாவது சிவந்துகொண்டிருக்கும். பொடித்த சர்க்கரையைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். முன்பே தூவினால் சூட்டில் கரைந்து காணாமல் போகும்.

மீந்தால் மறுநாள் கொஞ்சம் வெண்ணெயில் வாணலியில் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், தோல் போல் இழுக்கும். முதல் நாள் பஞ்சு திரும்ப வராது, மொறுமொறுப்பு வந்துவிடும். காபிக்கு அது போதும்.