டர்போ காரில் நெடுஞ்சாலை மைலேஜ் ஏன் எட்டவில்லை?

கேள்வி: ஐயா, ஆறு மாதங்களுக்கு முன் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் கொண்ட சிறிய எஸ்யூவி ஒன்றை வாங்கினேன், மேனுவல் கியர். வாரத்தில் ஆறு நாள் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 110 கிலோமீட்டர். விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு 14 தான் கிடைக்கிறது. இதற்கு முன் வைத்திருந்த 1.2 லிட்டர் ஹேட்ச்பேக் இதே சாலையில் 17 கொடுத்தது. வண்டியில் குறை இருக்கிறதா? 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா? நான் வழக்கமாக 110 வேகத்தில் ஓட்டுபவன்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது. ஆனாலும் வண்டியைக் குறை சொல்வதற்கு முன்பும், உங்களைக் குறை சொல்வதற்கு முன்பும், அந்த 14 என்ற எண் எப்படி வந்தது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். டேஷ்போர்டில் தெரியும் சராசரி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணினி போடும் கணக்கு; பல கார்களில் அது உண்மையைவிடச் சற்றுத் தாராளமாகவே காட்டும். டேங்க் நிரப்பி அளப்பதே நம்பத்தக்க முறை. ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், நாசில் தானாக முதல்முறை நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதேபோல் முதல் நிறுத்தத்தோடு விட்டுவிட்டு, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மூன்று நிரப்பல்களின் கூட்டுக் கணக்கை எடுத்தால்தான் நிரப்புவதில் ஏற்படும் ஏற்றத்தாழ்வு மறையும். நாசில் நின்ற பிறகும் "ரவுண்டா போட்டுடலாம் சார்" என்று பங்க் ஊழியர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துவரை நிரப்பும்போது, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவப் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடும். கணக்கும் தப்பும், பாகமும் வீணாகும்.

அடுத்து அந்த 20 என்ற எண். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் உருளைகளின் மேல் காரை ஏற்றி ஓட்டிப் பெறும் அளவு அது. அந்த ஓட்டம் மொத்தம் 1,180 விநாடிகள், ஏறத்தாழ 10.6 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் சொச்சம். உச்ச வேகம் 90, அதையும் கடைசிக் கட்டத்தில் சிறிது நேரமே தொடுகிறார்கள். அதில் 110 வேகமே இல்லை, ஏசியும் ஓடுவதில்லை. ஆகவே வல்லத்திலிருந்து துவாக்குடி வரை ஏசியைப் போட்டுக்கொண்டு 110-ல் போகும் உங்கள் பயணத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டு கார்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். உங்கள் சாலையில் என்ன கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

பழைய காரைவிடப் புதிய கார் குறைவாகக் கொடுப்பதற்கு வருவோம். டர்போவைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான புரிதல் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. டர்போ தனியாகப் பெட்ரோல் குடிப்பதில்லை. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. உள்ளே போகும் காற்று கூடினால் அதற்கு ஏற்றபடி பெட்ரோலும் கூட வேண்டும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு 1 பார் அழுத்தம் சேர்ந்தால், உங்கள் 1 லிட்டர் இன்ஜின் ஏறத்தாழ 2 லிட்டர் இன்ஜின் அளவுக்குக் காற்றை விழுங்குகிறது. அந்த நேரத்தில் அது குடிப்பதும் அந்தப் பெரிய இன்ஜினைப் போலத்தான். ஆக்சிலரேட்டரை மென்மையாக வைத்திருக்கும்வரை அது சிக்கனமான 1 லிட்டர் இன்ஜின். ஆழமாக மிதித்தால் பெரிய இன்ஜின். எந்த இன்ஜின் ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு நிமிடமும் உங்கள் வலது கால் தீர்மானிக்கிறது.

இதோடு இன்னொன்றும் உண்டு. முழுச் சுமையில் டர்போவுக்கு வரும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அந்த வெப்பத்திலிருந்து டர்போவையும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற, பல இன்ஜின்களின் கணினி எரிப்புக்குத் தேவையானதைவிட அதிகப் பெட்ரோலை உள்ளே அனுப்புகிறது. தூய பெட்ரோலுக்குச் சரியான கலவை என்பது 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. கடுஞ்சுமையில் இது 12 கிலோ வரைகூடக் குறையலாம். அந்தக் கூடுதல் பெட்ரோல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதில்லை, இன்ஜினைக் குளிர்விக்க மட்டுமே செலவாகிறது. மேலும், கலவை தாறுமாறாகத் தானே பற்றிக்கொள்ளும் 'தட்டல்' வராமல் இருக்க, டர்போ இன்ஜின்களின் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவை, 10, 10.5 என்று வைக்கிறார்கள். டர்போ இல்லாத சில 1.2 லிட்டர் இன்ஜின்களில் இது 12 வரை இருக்கிறது. குறைந்த சுமையில் சீராக ஓடும்போது இந்த வேறுபாடு பழைய வகை இன்ஜினுக்குச் சாதகமாகிறது. போதாததற்கு நீங்கள் தாழ்வான ஹேட்ச்பேக்கிலிருந்து உயரமான எஸ்யூவிக்கு மாறியிருக்கிறீர்கள். காற்றைக் கிழிக்க வேண்டிய முகம் பெரிதாகிவிட்டது.

அந்தக் காற்றுதான் நெடுஞ்சாலையில் உங்கள் முதல் எதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-லிருந்து 110-க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிய மாதிரி தோன்றும். காற்றின் எதிர்ப்போ 1.9 மடங்கு ஆகிவிடும். உங்கள் வண்டியை ஒத்த சிறிய எஸ்யூவிக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், சமதளத்தில் 80 வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரங்களில் ஏறத்தாழ 8 கிலோவாட் போதும். 110-க்கு 17 கிலோவாட் வேண்டும். இன்ஜின் அதிகச் சுமையில் சற்றுத் திறமையாக வேலை செய்யும் என்பதால் பெட்ரோல் செலவு அதே விகிதத்தில் ஏறாது. ஆனாலும் 110-ல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கான உச்ச வரம்பே 100 தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டுகிறேன். இந்த வேகத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் பாதையில் தடையின்றி ஓடக்கூடிய பகுதி ஒரு வழிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், 110-ல் அதைக் கடக்க 22 நிமிடம், 90-ல் 27 நிமிடம். மிச்சமாவது ஐந்து நிமிடம். திருவெறும்பூருக்கும் பால்பண்ணைக்கும் இடையிலான காலை நெரிசலில் அந்த ஐந்து நிமிடமும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

வேகத்துக்கு அடுத்தபடியாகப் பெட்ரோலைத் தின்பது பிரேக். பலருடைய அருகில் அமர்ந்து நான் கவனித்தது இது: முன்னே லாரி வலதுபக்கத் தடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், அரை கிலோமீட்டருக்கு முன்பே அது கண்ணுக்குத் தெரியும், ஆனாலும் ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழாது. லாரியின் பின்விளக்கு நெருங்கிய பிறகு பிரேக், வழி கிடைத்ததும் முழு மிதி. 1,300 கிலோ எடையுள்ள கார் 100 வேகத்தில் சேர்த்து வைத்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 500 கிலோஜூல். அதை 40 வேகத்துக்குப் பிரேக்கால் இறக்கி, மறுபடி 100-க்கு ஏற்றினால் சுமார் 50 மில்லி பெட்ரோல் போகும். ஒரு நாளில் இப்படிப் பதினாறு முறை நடந்தால் 800 மில்லி. நீங்கள் நாளொன்றுக்குச் செலவிடும் 8 லிட்டரில் அது பத்தில் ஒரு பங்கு. டர்போ காரில் இந்த இழப்பு இன்னும் கூடும், ஏனென்றால் மறுபடி வேகமெடுக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் நான் மேலே சொன்ன பெரிய இன்ஜின் விழித்துக்கொள்கிறது.

இதற்கு மாற்று எளிது. வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியின் அறிவிப்புப் பலகை தெரிந்ததுமே காலை எடுத்துவிடுங்கள். கியரை மட்டும் விடாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால் கணினி இன்ஜெக்டர்களை அடைத்துவிடும், பெட்ரோல் துளியும் போகாது. நியூட்ரலில் தள்ளினால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும், வண்டியின் மீதான பிடியும் குறையும். மேனுவல் வண்டி வைத்திருப்பவர்கள் சிக்கனம் என்று நம்பி இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தை மனமார எதிர்க்கிறேன்.

கியர் விஷயத்தில் டர்போவுக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. 90 வேகத்தில் மேல் கியரில் 2,000 ஆர்பிஎம் அருகே ஓடுவது மிகச் சிக்கனமான நிலை. ஆனால் மைலேஜுக்காக 1,300 ஆர்பிஎம்மில் மேல் கியரைப் பிடித்துக்கொண்டு ஆழமாக மிதிப்பது கூடாது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இந்தத் தாழ்வேகக் கடுஞ்சுமையில்தான் அதிகம், பிஸ்டனே உடையக்கூடும். மிதிப்பதற்கு முன் ஒரு கியர் இறக்குங்கள். இந்த ஆபத்தைக் குறைக்கும் விதமாகத்தான் 2020-ல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. கையேட்டில் சொன்ன தடிமனும் தரமும் உள்ள ஆயிலையே போடச் சொல்லுங்கள். தடித்த ஆயில் இன்ஜினுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

100 ஆக்டேன் பெட்ரோல் வேண்டியதில்லை. ஆக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் திறனின் அளவு, பெட்ரோலில் உள்ள ஆற்றலின் அளவு அல்ல. பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எழுதியிருக்கும் ஆக்டேன் போதுமானது. இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்: எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கலவையின் ஆற்றல் தூய பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. எத்தனால் தட்டலை நன்றாகத் தாங்கும் என்பதால், அதற்கேற்பச் சீரமைக்கப்பட்ட டர்போ இன்ஜின் இந்த இழப்பில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். உங்கள் பழைய காரின் 17 என்ற நினைவு எத்தனால் குறைவாகக் கலந்த காலத்தைச் சேர்ந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுத்தவுடன் வீட்டருகே பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய சூட்டில் 33 பிஎஸ்ஐ இருந்தால், ஆறிய பிறகு 29 அல்லது 30 தான் இருக்கும். குறைந்த காற்று பெட்ரோலையும் டயரின் ஓரங்களையும் சேர்த்துத் தேய்க்கும். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறப்பதால் நெடுஞ்சாலையில் பெரிய பயன் இல்லை, காற்றின் எதிர்ப்பு கூடும். மேலே கேரியர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

இனி ஒரு மாதத்துக்கு 85 முதல் 95-க்குள் சீராக ஓட்டி, மூன்று நிரப்பல்களின் கணக்கை எழுதி வையுங்கள். இந்தச் சாலைக்கு 16.5 முதல் 18 வரை வர வேண்டும். 17 வந்தாலே மாதம் ஓடும் 2,800 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் மிச்சம். அப்போதும் 14-ஐத் தாண்டவில்லை என்றால் வண்டியில் குறை தேட நியாயம் இருக்கிறது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், உலோகத்தைத் தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டர், தெர்மோஸ்டாட், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்களில் கசிவு, கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுமனே "மைலேஜ் வரவில்லை" என்று சொன்னால் வண்டியைக் கழுவி அனுப்பிவிடுவார்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர் எழுதிய தாளையும் மூன்று பங்க் ரசீதுகளையும் கையில் கொடுத்து, அவற்றை ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள்.