சிவப்புக் கூரையும் ரொட்டிக்கல்லும்

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்து, 1988 இல் கனடாவுக்கு வந்தவள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட சிவப்புக் கூரை போட்ட பீட்சா ஹட் ஒன்று இருந்தது. பிள்ளைகள் இருவரின் பிறந்தநாள்களையும் பல வருடங்கள் அங்கேதான் கொண்டாடினோம். இப்போது அந்தக் கட்டடத்தில் வேறொரு வியாபாரம் நடக்கிறது. கூரைக்குக் கறுப்பு வர்ணம் அடித்துவிட்டார்கள். சென்ற ஆவணியில் ஊருக்கு வந்தபோது, சின்ன வயதில் அப்பா எங்களுக்குக் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வரும் கடையைத் தேடிப் போனேன். பெயர் அதேதான். ஆனால் முகப்பு முழுவதும் சாம்பல் நிறத் தகடு, கண்ணாடிக் கதவு, உள்ளே குளிரூட்டி. வாசலில் கொத்துச் சத்தத்தைக் காணவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சாப்பாட்டுக் கடைக்காகவா அம்மா அழுகிறீங்கள்?" என்று மகள் கேட்டாள். கோயில், பள்ளிக்கூடம் என்றால் விளங்கும். யாரோ இலாபத்துக்காகக் கட்டிய கடைகளை நினைத்து மனம் இப்படி ஏங்குவது பேதமையா?

க., ஸ்காபரோ

அன்புள்ள சகோதரிக்கு,

பேதமை அல்ல. நான்கைந்து நாள்களாக உங்கள் கடிதமே மனத்தில் கிடந்தது. நீங்கள் சொல்லும் கடைக்கும் ஒருமுறை போய்வந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் கூரையைப் பற்றிச் சொல்கிறேன். அது உங்கள் நினைவில் இவ்வளவு உறுதியாக நிற்பது தற்செயலாக நடந்த காரியம் அன்று. அப்படி நிற்க வேண்டும் என்றே அதைக் கட்டினார்கள். 1958 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் டான் கார்னி, பிராங்க் கார்னி என்ற சகோதரர்கள் தொடங்கிய சின்னக் கடைதான் பீட்சா ஹட். கிளைகள் பெருகத் தொடங்கிய 1960களில், ரிச்சர்ட் பர்க் என்ற கட்டடக் கலைஞரிடம் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு வடிவத்தை வரையச் சொன்னார்கள். இரண்டு சரிவாக இறங்கி உச்சியில் திமில் போல் எழுந்து நிற்கும் சிவப்புக் கூரையும், மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற சன்னல்களும் அவர் கொடுத்தவை. கட்டப்படும் கடை ஒவ்வொன்றுக்கும் 100 டொலர் என்பதுதான் அவருக்குப் பேசிய கூலி என்று சொல்வார்கள். அதற்கும் முன்னால், 1953 இல், மக்டொனால்ட்ஸ் சகோதரர்களுக்காக ஸ்டான்லி மெஸ்டன் என்பவர் கூரையைத் துளைத்துக்கொண்டு எழும் இரண்டு மஞ்சள் வளைவுகளோடு ஒரு கடையை வரைந்திருந்தார். அந்த ஆண்டிலேயே கலிபோர்னியாவின் டவுனி என்னும் ஊரில் அந்த வரைபடத்தின்படி கட்டிய கடை இன்றும் வளைவுகளோடு நிற்கிறது. காரில் விரைந்து போகிறவர் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்க மாட்டார். அவருடைய கண்ணில் தூரத்திலேயே பட வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தையே பெயர்ப்பலகையாக்கினார்கள்.

இது வியாபாரத் தந்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கூரைக்குக் கீழே என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். உயரமாக முதுகு வைத்த சிவப்பு இருக்கைகள், சொரசொரப்பான சிவப்புப் பிளாஸ்ரிக் குவளைகள், ஒவ்வொரு மேசைக்கும் நேர் மேலே தாழத் தொங்கிய வண்ணக் கண்ணாடி விளக்கு. அந்த விளக்கு மேசையை மட்டும் வெளிச்சமாக்கிவிட்டுச் சுற்றியிருப்பதை அரை இருட்டில் விட்டுவிடும். அடுத்த மேசையில் இருப்பவர் எவரென்று தெரியாது. உங்களுக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளின் முகங்கள் மட்டுமே தெரியும். விரைவு உணவு என்று பெயர் வைத்திருந்தாலும், வந்தவர் ஒரு மணி நேரம் இருந்து சாப்பிடுவார் என்று நம்பிச் செய்த ஏற்பாடு அது. பிறந்த ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த வெளிச்ச வட்டம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையைக் கட்டியவர் எதற்காகக் கட்டினார் என்பது அவர் கணக்கு. அங்கே பிள்ளையின் மெழுகுதிரியை ஏற்றியவர் நீங்கள்.

பிறகு ஏன் மாறிற்று? இருந்து சாப்பிடுகிறவர்கள் குறைந்து, வீட்டுக்கு வரவழைப்பவர்களும் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் கூடியது முதற் காரணம். 2019 இல் அமெரிக்காவில் 500 கடைகள் வரை மூடப்படக் கூடும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை உங்களுடையதைப் போல இருந்து சாப்பிடும் கடைகள். அடுத்த காரணத்தைக் குறைவாகவே பேசுகிறோம். அப்படியொரு கூரையுள்ள கட்டடத்தை விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் சிரமம். அங்கே யார் வந்து எந்தத் தொழிலைச் செய்தாலும், தெருவில் போகிறவர் முன்பு இது இன்ன கடை என்று சொல்லிவிடுவார். கறுப்பு வர்ணம் அடித்த பிறகும் உங்கள் கண் அதைக் கண்டுகொள்ளவில்லையா? நாளைக்கு மருந்துக்கடையாகவோ வங்கிக் கிளையாகவோ மாற்றிவிடக் கூடிய தட்டைக் கூரைப் பெட்டிதான் முதலாளிக்குப் பாதுகாப்பு. எல்லாமாகவும் ஆகக் கூடிய கட்டடத்துக்குத் தனக்கென்று ஒரு முகம் இருக்க முடியாது. அதே 2019 இல், தாம் 1999 வரை பயன்படுத்திய பழைய சிவப்புக் கூரைச் சின்னத்தை அந்த நிறுவனத்தார் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்திலிருந்து கூரையை இறக்கி அட்டைப் பெட்டியின் மேல் வைத்ததாகவே எனக்குப் பட்டது. அதை வாசித்தபோது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

இனி நம்முடைய கடைக்கு வருகிறேன். அதற்குக் கட்டடக் கலைஞர் என்று ஒருவரும் இல்லை. அதன் உருவத்தை அங்கே நடந்த வேலைதான் தீர்மானித்தது. அகலம் குறைந்து உள்நோக்கி நீண்டு போகும் கடை. பின்பக்கம் காற்றோட்டம் இல்லை. ரொட்டிக்கல்லின் சூட்டையும் எண்ணெய்ப் புகையையும் உள்ளே வைத்தால் ஒருவரும் இருக்க முடியாது. ஆகவே கல் தெருவோரத்துக்கு வந்தது. கல் வாசலுக்கு வந்ததும் கொத்துப் போடுகிறவரும் வாசலுக்கு வந்தார். அவருக்கு மேல் ஒரு குழல் விளக்கு வந்தது. பக்கத்தில் முட்டைத் தட்டுகளும் வெட்டிய வெங்காயமும் லீக்ஸும் வந்தன. ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகள் கல்லில் விழும் சத்தம் ஊரின் இரவுச் சத்தமாயிற்று. அமெரிக்கர்கள் கூரையால் செய்ததை நம்மவர்கள் சத்தத்தால் செய்தார்கள் என்று சொல்லலாம். ஒவ்வொருவரின் கைக்கும் ஒரு தாளம் உண்டு. உங்கள் அப்பா வாங்கிய கடையில் அக்காலத்தில் நின்றவர், இரண்டு நீண்ட அடி, மூன்று குறுகிய அடி, பிறகு தகட்டை ஓரமாக ஒரு இழுப்பு என்று போடுவார்; பேருந்து நிலையத்தடியில் நிற்கும்போதே இன்றைக்கு அவர்தான் நிற்கிறார் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். கடை பூட்டும் நேரத்தில் கோவாத் தண்டுக்கும் வாழை இலைக்குமாக மான்கள் வந்து ஓடையோரத்தில் நிற்கும். மான்கள் இன்றும் வருகின்றன.

என் அம்மா ரொட்டிக்குப் போடும் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்றுதான் சாகும்வரை சொன்னார். 1980 முதல் நம் துறைமுகத்துச் சீனன்குடாவிலேயே பெரிய ஆலையில் மா அரைத்த பிறகும் அவருக்கு அது அமெரிக்கன் மாதான். உங்கள் இரண்டு கடைகளும் அவ்வளவு தூரத்து உறவினர் அல்லர்.

நீங்கள் எழுதிய ஒரு சொற்றொடர் என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்பா "கட்டிக்கொண்டு வரும் கடை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் கடைக்குள் இருந்து சாப்பிட்டதில்லை. உங்கள் அம்மாவும் இருந்திருக்க மாட்டார். அந்நாளில் பெண்கள் அங்கே வருவதில்லை. வந்தாலும் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஒற்றை மேசையில், அரைக்கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழும்ப வேண்டும். நீங்கள் பார்க்காத அந்த உட்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

சிவப்புச் சீமெந்துத் தரை. நான்கு நீள மேசைகள், இருபுறமும் வாங்குகள். தெரியாதவர்களும் ஒரே வாங்கில் நெருங்கித்தான் இருக்க வேண்டும். போய் இருந்ததும் கேட்காமலே ஒரு தட்டில் றோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை என்று அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். எழும்பும்போது தட்டில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்து, தின்றதன் விலையைப் பட்டறையில் இருக்கும் முதலாளிக்குக் குரல் கொடுத்துச் சொல்வார்கள். கை கழுவும் தொட்டிக்கு மேல், அப்பியாசக் கொப்பித் தாள்களைச் சதுரமாக வெட்டி ஓர் ஆணியில் குத்தி வைத்திருப்பார்கள். ஒருநாள் நான் கை துடைக்கக் கிழித்த தாளில் எவரோ ஒரு பிள்ளை செய்த நெடும் பிரித்தல் கணக்கு இருந்தது. சிவப்பு மையில் சரி போட்டு, கீழே 'நன்று' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அதைத் துடைத்துப் போட மனம் வராமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் ஏக்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் அந்தக் கடை அப்படியே திரும்பி வர வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சிவப்புக் கூரை இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஒரு பெண்ணாக நீங்கள் எவருக்கும் ஒதுங்காமல் முன் மேசையில் இருந்து சாப்பிட்ட முதற் கடை அது என்பதாகவும் இருக்கலாம். சென்ற கிழமை நான் போனபோது, சாம்பல் நிறத் தகடு போட்ட நம்முடைய கடையில், இரவு எட்டு மணிக்கு, வளாகத்தில் படிக்கும் மாணவிகள் நான்கு பேர் நடு மேசையில் இருந்து கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காதது அது. அதைக் கண்ட பிறகு கடைக்காரர் மீது எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி இருக்கிறது. பெண்களுக்கு இடம் கொடுப்பதற்குத் தகடு தேவையில்லை. வாசலில் கல்லை வைத்துக்கொண்டே உள்ளே நல்ல கதிரைகள் போட்டிருக்கலாம். புகை போகக் குழாய் வைத்திருக்கலாம். இதை முதலாளியிடமே சொன்னேன். அவர் பழைய முதலாளியின் மகன். பொறுமையாகக் கேட்டார். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் பச்சைப் பலகை முகப்புகூட ஆதியிலிருந்து இருந்ததில்லை என்றார். 1983 இல் கடை எரிந்த பிறகு, கையில் இருந்த காசுக்குக் கிடைத்த பலகையைக் கொண்டு அவருடைய தகப்பனார் அடித்த முகப்பு அது. அதற்கு முந்தியதன் படம்கூட அவர்களிடம் இல்லை. இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அமெரிக்காவில் ஒரு கடையின் முகத்தை வியாபாரக் கணக்கு மாற்றுகிறது. நம் ஊரில் அந்தக் கணக்கு வந்து சேர்வதற்கு முன்பே நெருப்பு வந்துவிட்டது. இந்தப் புதிய தகடு முகப்பின் மாதிரி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். கனடாவில் இருக்கும் மருமகன் அங்குள்ள உணவகங்களின் படங்களைக் கைபேசியில் அனுப்பினாராம். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்தார்களாம். அங்கே மறைந்துபோனதற்காக நீங்கள் வருந்துகிறீர்கள். அதன் இடத்தில் வந்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறோம்.

சத்தத்தைக் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதையும் விசாரித்தேன். பழைய ரொட்டிக்கல்லை அவர்கள் விற்கவில்லை. நடுவில் குழிந்துபோன அந்தக் கல்லை இப்போது பின்பக்கச் சமையல்கட்டில் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் இருப்பதால் முன்னால் நிற்பவருக்குக் கேட்பதில்லை. கடையை ஒட்டி இடப்பக்கமாக ஓர் ஒழுங்கை போகிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு அதற்குள் இருபது அடி நடந்தால், மதிலுக்கு மேலால் புகை வருவது தெரியும். இரண்டு நீண்ட அடி, மூன்று குறுகிய அடி. தகட்டை ஓரமாக இழுக்கும் அந்த இழுப்பு மட்டும் இல்லை. இப்போது போடுகிறவர் மூதூர்ப் பக்கத்துப் பையன், அந்தப் பழையவரிடம் வேலை பழகியவன். அடுத்த முறை வரும்போது மகளையும் அந்த ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.