பலம் எப்போது வரும்?

கேள்வி: பகலில் கல்லூரி, இரவில் வேலை, தூக்கம் நாலு மணி நேரம். இந்த முறை இரண்டு பேப்பர் போய்விட்டது. 'கஷ்டப்பட்டால்தான் பலம் வரும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் இரண்டு வருடமாகக் கஷ்டப்படுகிறேன். அந்தப் பலம் எப்போது வரும்?

பதில்: சொன்னவர்களில் எத்தனை பேர் நாலு மணி நேரம் தூங்கிவிட்டுப் பரீட்சை எழுதினார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அது கரையேறியவர்கள் சொல்லும் கதை. ஏற முடியாமல் போனவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டுப் பேச வைப்பதில்லை.

பணமுடை யார் புத்தியையும் தீட்டிவிடாது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களில் ஒருமுறையும் அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒருமுறையும் மூளைக்கு வேலை தரும் சோதனைகள் வைத்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் பணமில்லாத நாட்களில் மோசமாகச் செய்தார்கள். கடனையும் செலவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தலையில் வேறெதற்கும் இடமில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். உங்கள் இரண்டு பேப்பரும் அப்படிப் போனவையாக இருக்கலாம், அதற்குள் 'எனக்குப் படிப்பு வராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மேரி கியூரி கதையை உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். பாரிஸில் மாடி அறை, குளிர், சரியாகச் சாப்பிடாமல் மயங்கி விழுந்தது, அதோடு நிறுத்திவிடுவார்கள். விழுந்தவரை அக்காவும் டாக்டரான அக்கா கணவரும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுத் தேற்றியதை யாரும் சொல்வதில்லை. (அந்த அக்கா மருத்துவம் படிப்பதற்காக, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்பியவர் மேரி.) 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம், அப்புறம் கணிதம் படிக்கக் காசில்லை. 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது, வாங்கிக்கொண்டு 1894-இல் அதையும் முடித்தார். சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

சரி, கஷ்டம் எல்லாமே வீண்தானா? படிப்புக்குள்ளேயே ஒரு கஷ்டம் இருக்கிறது, அது நிச்சயம் பலன் தரும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துப் பார்த்தார்கள். நாலு தவணையும் ஒரே பாடத்தை வாசித்தே கழித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு மற்ற மூன்றிலும் பாடத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தியிருந்தார்கள்! அதனால்தான் வாசித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. எழுதிப் பார்ப்பது எரிச்சலான வேலை. உங்களுக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அந்த எரிச்சலைப் படுங்கள்.

வேலையை விட முடியாது என்பீர்கள், புரிகிறது. பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரமாவது நேரத்தைக் குறைத்துத் தரச்சொல்லி முதலாளியிடம் கேட்டீர்களா? உதவித்தொகை பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தீர்களா? போன பேப்பர்களைப் பற்றி ஆசிரியரிடம் பேசினீர்களா? யாரிடமும் எதையும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்த வாரமே மூன்று பேரிடமும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், மறுத்துவிட்டாலும் எழுதுங்கள்.