சேடில் பள்ளத்தில் ஆடுகிறது: திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: என் மகளின் அக்குஸ்டிக் கிதாரில் தந்திகளைத் தாங்கும் பிளாஸ்டிக் சேடில் (பிரிட்ஜ் என்ற மரத்துண்டின் பள்ளத்தில் நிற்கும் மெல்லிய பட்டை) தேய்ந்து, தந்திகள் அழுந்தும் இடங்களில் குழி விழுந்துவிட்டது. இணையத்தில் ‘எலும்பு, 3.2 மி.மீ.’ என்று போட்டிருந்த சேடிலை வாங்கினேன். அது பள்ளத்தில் நிற்காமல் முன்பக்கம் சாய்கிறது. உயரமும் பழையதைவிட அதிகம். உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்டித் தருவதாக இங்குள்ள கடைக்காரர் சொல்கிறார். வெளிமாநில விற்பனையாளரோ உதிரிபாகங்களைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உப்புத்தாள், பசை இரண்டின் பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம். ஒருமுறை தேய்த்துவிட்டால், அவர்கள் அனுப்பிய பொருள் உங்களிடம் இல்லை என்று ஆகிவிடும். பிறகு எந்தப் புகாரும் நிற்காது.

உயரம் கூடுதலாக இருப்பது குறையே அல்ல. ஒவ்வொரு கிதாருக்கும் ஏற்பத் தேய்த்துக்கொள்வதற்காகவே புதிய சேடில்களைச் சற்று உயரமாக விற்கிறார்கள். தடிமன் குறைவதுதான் உண்மையான குறை, ஏனெனில் குறைந்த தடிமனை யாராலும் கூட்ட முடியாது. சந்தையில் 2.4, 3, 3.2 மி.மீ. என்ற அளவுகள்தாம் பெரும்பாலும் கிடைக்கின்றன. 0.2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தந்திகளை முறுக்கியதும் சேடில் முன்னால் சாய்ந்து, தந்தியின் நீளம் மாறிச் சுருதி விலகும், நாளடைவில் பிரிட்ஜின் முன்விளிம்பு விரிசல் விடவும் கூடும். பசை இந்தச் சாய்வை மறைக்கும், தீர்க்காது; அடுத்த முறை கழற்றும்போது பிரிட்ஜ் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

ஆகவே, அக்கம்பக்கத்து லேத் பட்டறை எதிலாவது நுண்ணளவு காட்டும் வெர்னியர் காலிப்பர் இருக்கும். சேடிலின் தடிமனையும் பள்ளத்தின் அகலத்தையும் தனித்தனியே அளந்து, அளவு தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பழைய சேடிலை மட்டும் அளந்து முடிவுக்கு வர வேண்டாம், அதுவும் தளர்வாகவே இருந்திருக்கலாம். சேடில் 3 மி.மீ.தான் என்று தெரிந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்று பொருள். அத்தகைய பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ‘உதிரிபாகம் திரும்பப் பெறப்படாது’ என்ற அவருடைய வாசகம் இதற்கு மேலானது அல்ல. மாறாக, சேடில் சொன்னபடி 3.2 மி.மீ. இருந்து உங்கள் பள்ளம் அதைவிட அகலமாக இருந்தால், விற்றவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இணையதளத்தின் திருப்பி அனுப்பும் சலுகையைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம். அதற்கும் மேல் போக நேர்ந்தால், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பாலக்காடு மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

சரியான தடிமனில் சேடில் வந்த பிறகு, பழையதை அதன் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். மேல்பக்கத்தில் தந்திகளுக்கான வளைவும், இரண்டாம் தந்திக்கான பின்வாங்கலும் செதுக்கப்பட்டிருக்கும். அங்கே கை வைத்தால் காசு வீண். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அரை மி.மீ. இறக்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். அந்த இடத்தில் தடித்த தந்தி சுமார் 2.5, மெல்லிய தந்தி சுமார் 1.8 மி.மீ. உயரத்தில் நின்றால் வாசிக்கச் சுகமாக இருக்கும். உங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், தந்தி உயரும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதே பலகையை உலர்த்தி இறக்கும். மழைக்காலத்து உயரத்தைப் பார்த்து முழுவதும் தேய்த்துவிட்டால், தை மாதத்தில் தந்தி ஃபிரெட்டில் உரசி இரையும். கொஞ்சம் மிச்சம் வைத்தே தேய்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) உள்ள என் கிதாரில் கடையில் சேடில் மாற்றிய பிறகு, முதல் தந்தி மட்டும் ஒலிபெருக்கியில் மங்கலாகக் கேட்கிறது. பிக்கப்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: பிக்கப்புக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். சேடிலுக்கு அடியில் இருக்கும் பிக்கப், தன் மேல் சீராக அழுந்தும் அடிப்பகுதியிலிருந்துதான் அதிர்வை வாங்குகிறது. சேடிலைக் கழற்றி, அதன் அடியில் எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதல் தந்தியின் பக்கம் ஒளிக்கீற்று தெரிந்தால் கோணலாகத் தேய்த்திருக்கிறார்கள். ஒளி தெரியாவிட்டால், சேடில் பள்ளத்தில் இறுகி அடிவரை இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே மாற்றித் தந்தவரின் வேலைக்குறை என்பதால், ரசீதைக் காட்டி, கட்டணமின்றிச் சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள்.